கொடி பிடிச்ச மரப்பொம்மை

ஒரு ஊர்ல ஒரு மரப்பொம்மை இருந்துச்சாம். காலை நீட்டிப் படு செழியா, அத்தை கைமேல தலையை வெச்சுக்கோ. நீ ம் கொட்டறதை நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். கொட்டுவியா?

"ம்."

பொம்மைன்னா நீ போட்டு உடைக்கிற பொம்மை இல்ல. ஆள் உயரம். ஒல்லியா, கழுத்து நீளமா, ஒரு பெரிய துணி மாளிகையில கண்ணாடிக்குள்ள நிக்கும். அந்த மாளிகையில ஒரு கைக்குட்டை வாங்கணும்னா நம்ம வீட்டை வித்தாகணும். அப்புறம் கைக்குட்டையும் கையுமா தெருவுலதான் நிக்கணும். சிரிக்காத, தூக்கம் போயிடும். அந்த மாளிகையில யாருக்கும் அளவே எடுக்க மாட்டாங்களாம். எல்லாச் சட்டையும் அந்தப் பொம்மைக்குத்தான் தைப்பாங்க. வாங்க வந்தவங்களுக்குச் சேரலேன்னா, "எங்க சட்டைக்கு ஏத்த மாதிரி நீங்க ஆயிட்டு வாங்க"ன்னு அனுப்பிடுவாங்க. திமிரைப் பார்த்தியா?

"ம்."

அப்போ அந்த நாட்டு ராஜா, உலகத்துல இருக்கிற விளையாட்டுக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு பெரிய போட்டி வெச்சார். மைதானம் கட்டிட்டார், கூரை போட வழியில்ல. அப்போ வந்தார் மாளிகைக்காரர். அவருக்கு முன்னாடி அவர் செண்டு வாசனை வந்துச்சு. "கூரை நாங்க போட்டுத் தர்றோம். தொடக்க நாள் ஊர்வலத்துல உங்க ஆளுங்க அத்தனை பேரும் எங்க சட்டையைத்தான் போடணும்"னார். ராஜா பல்லைக் காட்டிக்கிட்டு சரின்னுட்டார்.

அந்த ஊர்வலத்துல நாட்டுக் கொடியைப் பிடிச்சு முன்னால நடக்கப்போறது யாரு? காத்தாயி. இரும்புக் குண்டு எறியறவ. அவ எறிஞ்சா விர்ர்ர்னு போய், தொம்முனு விழும். தரை அதிரும். அகலமான தோளு, தடிச்ச கை. அந்தத் தோளுக்காகவே சின்ன வயசுலேர்ந்து அவ தெருவுல நடந்தா பின்னாடியே கேலி பண்ணுவாங்க. ஒரு தடவையாவது ஊரே எழுந்து நிக்க, தலையை நிமிர்த்தி நடக்கணும்னு அவளுக்கு ஆசை. மெடல்கூட அப்புறம்தான். அவ அம்மா அதைப் பார்க்கணும்னு முதல் ஆளா வந்து மைதானத்துல இடம் பிடிச்சுட்டா.

அப்புறம் சட்டை வந்துச்சு. மத்தவங்க எப்படியோ அதுக்குள்ள நுழைஞ்சுட்டாங்க. காத்தாயி ஒரு கையை விட்டா. டர்ர்ர். தோள்பட்டையில கிழிஞ்சு போச்சு. "எங்க சட்டையைப் பாழாக்கிட்டியே"ன்னார் மாளிகைக்காரர். சட்டைக்கு அடிபட்ட மாதிரி தடவித் தடவிக் கொடுத்தார்.

அப்புறம் இன்னொரு சட்டை. "இதுக்குள்ள போற வரைக்கும் கஞ்சித்தண்ணி மட்டும் குடி"ன்னுட்டார். குண்டு எறியறவளைப் பட்டினி போடறான், கேட்டியா? கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு அவளுக்கு. ஆனாலும் நடக்கணுமேன்னு பொறுத்துக்கிட்டா. சட்டையைப் போட்டா. டப், டப், டப். பொத்தான் எல்லாம் தெறிச்சு ஓடிடுச்சு.

அப்புறம் மூணாவது சட்டை. இந்தத் தடவை பட்டைத் துணியால அவ உடம்பை இறுக்கிச் சுத்திக் கட்டி, அதுக்கு மேல சட்டையை ஏத்தினாங்க. ஏறிடுச்சு. ஆனா மூச்சு விட முடியல, கையைத் தூக்க முடியல. கையைத் தூக்காம கொடியை எப்படிப் பிடிக்கிறது?

"சட்டையைப் பிரிச்சுப் பெரிசா தைக்கலாம்ல அத்தை?"

பாரு, உனக்குத் தோணுது. அங்க ஒருத்தருக்கும் தோணல. "அப்போ ஆளை மாத்திடலாம்"னார் மாளிகைக்காரர். காத்தாயி ராஜாவைப் பார்த்தா. ராஜா கூரையைப் பார்த்தார். "போட்டுக் கொடுத்தவங்கம்மா, நாம எப்படிப் பேசறது"ன்னார். எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது.

ஆளை மாத்தினாங்களே, யாரைப் போட்டாங்க தெரியுமா? அந்த மரப்பொம்மையை. காலுக்குச் சக்கரம் வெச்சு, கையில கொடியைச் சொருகி, கடகட கடகடன்னு உருட்டிக்கிட்டுப் போனாங்க. கூட்டம் கைதட்டுச்சு. காத்தாயியை உள்ளயே விடல. வாசல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"மத்த விளையாட்டுக்காரங்க?"

பொம்மைக்குப் பின்னால போனாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டுதான் போனாங்க, ஆனா போனாங்க. அவங்க மேலயும் எனக்குக் கோவம்தான். ம் கொட்டு.

"ம்."

மறுநாள் குண்டு எறியற போட்டி. பொம்மையைக் கொடியோட மைதானத்து ஓரத்துலயே நிறுத்தி வெச்சிருந்தாங்க, ஜனங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்க. ஒரு ஆளுக்கு மூணு எறி. காத்தாயி பேரைக் கூப்பிட்டாங்க. அவ பழைய பனியனைப் போட்டுக்கிட்டு அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கா. எழுந்திரிக்கல. முதல் எறி போச்சு. ராஜா மந்திரியை அனுப்பினார். "வாம்மா, நாட்டு மானம்மா"ன்னார் மந்திரி. எழுந்திரிக்கல. ரெண்டாவது எறியும் போச்சு. அப்போ ராஜாவே கிரீடத்தைப் பிடிச்சுக்கிட்டு தபதபன்னு ஓடி வந்தார். "நீ எறிஞ்சா நமக்குத்தான் மெடல். எழுந்திரு"ன்னார்.

காத்தாயி எழுந்தா. ராஜா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அவ மைதானத்துல இறங்கினா. குண்டுகிட்ட போனா. குண்டைத் தாண்டிப் போனா. நேரா பொம்மைகிட்ட போய் அது கையிலேர்ந்து கொடியை உருவினா. கடக். பொம்மையோட விரலும் கூடவே வந்துச்சு.

கொடியைத் தூக்கிப் பிடிச்சா. நடந்தா. தனியா, அந்தப் பனியனோட, மைதானத்தை ஒரு சுத்து. "எங்க சட்டை இல்லாம நடக்கக் கூடாது"ன்னு மாளிகைக்காரர் கத்தறார். "எறி, எறி, நேரம் போகுது"ன்னு ராஜா கூடவே ஓடி வர்றார். அவ அம்மா எழுந்து நின்னா. பக்கத்துல இருந்தவங்க எழுந்தாங்க. அப்புறம் மொத்தக் கூட்டமும் எழுந்துச்சு. நேத்து பொம்மைக்குக் கைதட்டின அதே கூட்டம்தான். எழுந்துட்டாங்க, போகட்டும்.

ராஜா அவ முன்னால வந்து நின்னு, "ஏம்மா இப்படிக் கெடுக்கிற"ன்னார்.

"கொடி பிடிக்க இந்த உடம்பு ஆகாதுன்னீங்க. அப்போ குண்டு எறியவும் ஆகாது. விலகுங்க"ன்னா காத்தாயி. ராஜா விலகினார்.

"மெடல் அத்தை?"

போச்சு. வேற நாட்டுப் பொண்ணு வாங்கிட்டா. அவளும் நல்லாத்தான் எறிஞ்சா.

"காத்தாயி அழுதாளா?"

அழாம இருப்பாளா? எத்தனை வருஷம் தூக்கின குண்டு அது. ஆனா நடக்கறப்போ அழல. சுத்தி முடிச்சு, கொடியை அம்மா மடியில வெச்சுட்டு அப்புறம்தான் அழுதா. அம்மா அவ தோளைப் பிடிச்சுவிட்டுக்கிட்டே இருந்தா.

"அத்தை, உனக்குக் கோவம் போயிடுச்சா?"

இல்லடா. கதை தீர்ந்துச்சு, கோவம் தீரல. நீ கண்ணை மூடித் தூங்கு.