கடல் பார்க்கப் பந்தயம்

மேகம் படியேறி வந்து நாற்காலியில் உட்காரும் மலை அது. அங்கே தேயிலைத் தோட்டத்தில் வருஷா வருஷம் மூணு சீட்டுப் போட்டி. பந்தயம் கட்டப் புளியங்கொட்டை. ஜெயித்தவர் குடும்பத்துக்குத் தோட்டத்து ஜீப்பில் கடல் பார்க்கும் பயணம். ஏழு வருஷமாக மேனேஜர் துரையே ஜெயித்து, துரையே போய்வந்தார்.

இந்த வருஷம் அவருக்கு எதிரே மிஞ்சியவள் கொழுந்து பறிக்கும் வெள்ளத்தாய். கடலைக் கனவில்தான் பார்த்திருக்கிறாள். அந்தக் கடலும் பனி மாதிரி வெள்ளையாகவே இருக்கும்.

துரை தன் கொட்டைகளை மொத்தமாகத் தள்ளினார். "நீயும் மொத்தத்தையும் வை. இல்லேன்னா சீட்டைப் போட்டுட்டு எந்திரி. கொழுந்து கிள்ற கைக்குக் கடல் ஒரு கேடா?"

அவளிடம் இருந்தது ஒரு ஜோடி நாலும் ஒரு ஏழும். ஜன்னல் வழியே உள்ளே நுழைந்த பனியில் சீட்டுகள் மிதப்பதுபோல் இருந்தன.

"வைக்கிறேன் தொரை. அதுக்கு முன்னாடி, என் சீட்டை நீங்க எடுத்துக்கிட்டு உங்க சீட்டை எனக்குத் தர்றீங்களா?"

"சரி" என்று வாய் சொல்லுமுன்னே துரையின் கை பாதி மேசையைத் தாண்டிவிட்டது.

"வேணாம் தொரை, நீங்களே வச்சுக்கங்க." வெள்ளத்தாய் தன் கொட்டைகளைத் தள்ளினாள். "காட்டுங்க."

துரை விரித்தார். ரெண்டு, அஞ்சு, ஒன்பது. ஜோடிகூட இல்லை. அவளுடைய நாலாம் நம்பர் ஜோடியே போதுமாயிற்று.

"எப்படித் தெரிஞ்சுது?"

"நல்ல சீட்டை யாராச்சும் தானம் பண்ணுவாங்களா?"

கூட்டம் சிரித்து ஓய்ந்தது. வெள்ளத்தாய் ஜன்னலோரம் நின்று பனியைப் பார்த்தாள். "ஏழு தடவை போனவராச்சே தொரை, கடல் எப்படி இருக்கும்?"

துரை ஏழு தடவையும் ஓட்டல் அறைக்குள் சீட்டாடிவிட்டுத் திரும்பியிருந்தார்.