நான்காவது கல்

முதலில் கேட்டது உலக்கைச் சத்தம். தொம்... தொம்... என்று பனிக்குள் எங்கிருந்தோ வந்தது. ஆளே இல்லாத ஊரில் யார் குத்துவது? அறப்பளி தோள்சாக்கை மாற்றிக்கொண்டு நின்றான். சாக்குக்குள் ஒரு கல்.

கூதல்மேட்டில் கதவுக்குப் பூட்டுப் போடும் வழக்கம் கிடையாது. ஊரைவிட்டு இறங்குகிறவர்கள் அடுப்புக்கல் மூன்றில் ஒன்றை எடுத்துப்போவார்கள். மிச்ச இரண்டில் பானை நிற்காது. வீட்டுக்கு அதுதான் பூட்டு. கையில் போகும் கல் சாவி. ஊற்று வற்றி ஊரே இறங்கியபோது அறப்பளியின் அப்பாவும் அப்படித்தான் இறங்கினார். திருப்பூரில் அந்தக் கல்லைக் கட்டிலடியிலேயே வைத்திருந்து, சாகும்போது சத்தியம் வாங்கினார்: "நம்ம அடுப்புல மறுபடி முதல் தீ நீதான் வைக்கணும்." கம்பெனி மூடி, வாடகை வீடும் போனபின் மகனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

படிவயல்களில் புல் மண்டிக் கிடந்தது. கூரை போன வீடுகளுக்குள் மரங்கள் குடியிருந்தன. அவன் வீட்டுக்கு மட்டும் கூரை இருந்தது; அதன் வழியே புகை கசிந்து பனியோடு பனியானது. வாசல் பாறைக்குழியில் சாமை குத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கீழ்வரிசை மாராயி, அவனுக்கு அத்தை முறை.

"சடையன் மவனா? கல்லைக் கட்டித் தூக்கிட்டு வந்திருக்கே. கட்டுனவளை எங்கே விட்டே?"

"அவ வரமாட்டேன்னுட்டா அத்தே. இது எங்க வீடு."

"இல்லேன்னு யார் சொன்னா?"

உள்ளே எட்டிப் பார்த்தான். நடுவீட்டில் அவர்களுடைய பழைய கற்கள் இரண்டும், அகலத் தலையோடு, அசையாமல் இருந்தன. சுவர்ப்பக்கம் மூன்றாவதாக ஓர் அன்னியக் கல். மேலே கஞ்சிப்பானை கொதித்தது.

"ஊத்து மறுபடி கண்ணு தொறந்திருச்சுன்னு கேட்டு, என் கல்லோட வந்தேன். கீழ்வரிசையை மண்ணு மூடியிருந்துச்சு. எங்கிட்டச் சாவி இருந்துச்சு, வீடு இல்லே. உங்க வீட்டுக்குச் சுவர் நின்னுச்சு, கூரை இல்லே. நான் வேஞ்சேன். வேயலேன்னா உன் கல்லு ரெண்டும் இன்னிக்கு மண்ணுக்குள்ள."

அதுவும் நியாயம்தான். அவள் கல்லை உருவினால் பானை சரியும், தீ அணையும். எரிகிற அடுப்பை அணைத்தவனை அந்த மலை பொறுக்காது. அவளுக்கும் வேறு இடமில்லை. விட்டுவிட்டால் அப்பாவின் சத்தியம் போச்சு. தன் கல்லை மார்போடு அணைத்து, கனவில் நிற்பவனைப்போல் நின்றான்.

கதை கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். சத்தியமும் கெடக்கூடாது, எரியும் தீயும் அணையக்கூடாது. மூன்று கல்லுக்கான இடத்தில் இப்போது நான்கு. எந்தக் கல்லை எடுப்பது?

விடை: எதையும் எடுக்க வேண்டாம். அறப்பளி அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். சுவர்ப்பக்கம் அவள் கல். வாசல்பக்கம் இடம் சும்மா கிடந்தது. தன் கல்லை அங்கே வைத்தான். நடுவிலிருந்த இரண்டும் பொதுவாயின. அந்தப் பக்கமும் மூன்று, இந்தப் பக்கமும் மூன்று. இந்தப் பக்கத்து மூன்றும் அவன் வீட்டுப் பழைய கற்கள்; அவற்றுக்குள் ஊர் இறங்கிய நாளுக்குப் பிறகு யாரும் தீ வைக்கவில்லை. அவள் அடுப்பிலிருந்தே ஒரு கொள்ளியை இழுத்து வைத்தான். பற்றிக்கொண்டது.

"பானை?" என்றாள் பின்னாலேயே உள்ளே வந்த மாராயி.

"கொண்டு வரலே."

"கல்லைச் சுமந்த மவராசன் ஒரு சட்டியைச் சுமக்கக்கூடாதா," என்றபடி வெளியே போனாள். உலக்கைச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது.