பெர்சியாள் வீட்டில் எழுந்து நின்ற சபை

பறவைகளும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், கூரையிலிருந்து குருவி "மழை வருகிறது, துணியை எடு" என்று சொன்னால் கீழே இருப்பவர்கள் எடுத்துவிடுவார்கள். இயேசுவை வணங்குகிறவர்களுக்கு அப்போது கோயிலும் கிடையாது, மணியும் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். லிமேரா என்ற துறைமுக ஊரில் அது பெர்சியாளின் வீடு.

பெர்சியாள் கம்பளி நூலுக்குச் சாயம் தோய்ப்பவள். கணவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. முழங்கை வரைக்கும் ஏறியிருந்த சிவப்பு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சபைக்கென்று இருந்த ஒரே நற்செய்திச் சுருள் அவள் பொறுப்பில்தான் இருந்தது. நூல் கண்டுகளுக்கு அடியில், ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தாள். ஞாயிறு காலையில் அதை எடுத்து மூப்பர் திகிக்குவின் கையில் கொடுப்பாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பார், மற்றவர்கள் பாயில் உட்கார்ந்து கேட்பார்கள். சிலர் தூங்கியும்விடுவார்கள். வாரமெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களை யார் என்ன சொல்வது?

உத்தரத்தில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. காயப்போட்ட நூலில் எச்சம் போடுகிறது என்று பெர்சியாளுக்கு அதோடு தினமும் சண்டை.

அந்த வருஷம் பேரரசரிடமிருந்து கட்டளை வந்தது. கிறிஸ்தவர்களின் வேத நூல்களையெல்லாம் பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஒரு புதன்கிழமை முற்பகலில் நூற்றுவர் தலைவன் காசியன் நான்கு வீரர்களோடு பெர்சியாளின் வீட்டுக்குள் நுழைந்தான். மூப்பரும் அங்கே இருந்தார்.

"சுருள் எங்கே?"

"எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தர மாட்டேன்" என்றார் திகிக்கு.

காசியன் வாளை உருவி அவர் கழுத்தில் வைத்தான். கிழவர் பெர்சியாளைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். வாள் அழுந்திய இடத்தில் ஒரு துளி ரத்தம் வந்தது. பெர்சியாள் போய் நூல் கண்டுகளை ஒதுக்கினாள். பெட்டியைத் திறந்து சுருளை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

முற்றத்தில் சாயப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. காசியன் சுருளை அந்த அடுப்பிலேயே போட்டான். அவர்கள் போனபின் மூப்பர் கழுத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னை விட்டிருக்கலாமே அம்மா" என்றார். "எனக்கு எழுபத்தொரு வயது. அது இன்னும் நூறு வருஷம் இருந்திருக்கும்."

"எனக்கு அப்போது உங்கள் கழுத்துதான் ஐயா தெரிந்தது."

செய்தி சபைக்குள் பரவியது. காட்டிக் கொடுத்தவள் என்று சிலர் வெளிப்படையாகவே பேசினார்கள். எல்லோரையும்விட அதிகமாகப் பேசியவள் எண்ணெய்க் கடைக்காரர் மனைவி பெபேயாள். பெர்சியாள் மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. அந்தச் சாம்பலை அள்ள அவளுக்குக் கை வரவில்லை.

ஞாயிறு வந்தது. யாரும் வரப்போவதில்லை என்று நினைத்தாள். ஆனாலும் கூட்டிப் பெருக்கிப் பாய் விரித்தாள். எல்லோரும் வந்தார்கள், பெபேயாள் உட்பட. போவதற்கு வேறு வீடு இல்லை. பெர்சியாள் கடைசிப் பாயில், சுவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெறுங்கைகள் மடியில் கிடந்தன.

"எதை வாசிப்பீர்கள் ஐயா?" என்றாள் பெபேயாள். "அடுப்பில் கிடக்கிற சாம்பலையா?"

அப்போது உத்தரத்திலிருந்து குரல் வந்தது.

"வாரத்தின் முதல் நாள், பொழுது விடிகிற நேரம். பெண்கள் சிலர் வாசனைப் பொருள்களை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள்."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கூட்டின் விளிம்பில் சிட்டுக்குருவி உட்கார்ந்திருந்தது.

"நாலு வருஷமாகக் கேட்கிறேன்" என்றது. "ஆனால் இந்த இடம் வரும்போதெல்லாம் குஞ்சுகளுக்கு இரை தேடப் போய்விடுவேன். மேலே யாராவது சொல்லுங்கள்."

"வாசலை அடைத்திருக்கிற கல்லை யார் புரட்டித் தருவார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டே போனார்கள்" என்றாள் பெர்சியாள்.

அது தன் குரல்தான் என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. பின்வரிசையிலிருந்து பேசினால் முன்னே கேட்காது. எழுந்து நின்றாள். கால் நடுங்கியது. ஆனால் சொற்கள் நடுங்கவில்லை. கல் ஏற்கனவே புரண்டு கிடந்ததையும், உள்ளே உடல் இல்லாததையும், உயிர்த்தெழுந்தார் என்ற செய்தியையும் மூப்பர் வாசிக்கிற அதே நடையில் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

எந்த ஞாயிறும் வாசிப்பு முடியும்வரை நாற்காலியை விட்டு அசையாத திகிக்கு, இரு கையையும் ஊன்றி எழுந்து நின்றார். மூப்பர் நிற்கும்போது உட்கார்ந்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. பாய்கள் காலியாயின.

அதன்பின் கதை சொல்வது ஓயவேயில்லை. ஞாயிறுதோறும் தூங்கி வழிகிற சுமைகாரன் எர்மா, புயலடித்த படகில் ஆண்டவர் தூங்கிக்கொண்டிருந்த கதையைச் சொன்னான். சிரித்தவர்களும் ஒரு சொல் பிசகாததைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொல்லிவிட்டு வெளியே போய் அழுத சீடனைப் பற்றிச் சொன்னவள் பெபேயாள். பாதியில் நிறுத்தினாள். பெர்சியாளின் பக்கம் வந்து, அவள் சிவப்புக் கையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைச் சொன்னாள்.

தெருவரைக்கும் கேட்ட சத்தத்தில் காசியன் வந்துவிட்டான்.

"இன்னொரு சுருள் வைத்திருக்கிறீர்கள். எடுங்கள்."

"பெட்டி திறந்துதான் இருக்கிறது. பாருங்கள்" என்றாள் பெர்சியாள். இந்தத் தடவை அவள் நகரவில்லை.

வீரர்கள் பெட்டியைக் கவிழ்த்தார்கள். நூலைக் கலைத்தார்கள், பாயை உதறினார்கள். ஒன்றும் இல்லை. அவர்கள் தேடத் தேட எர்மா சொல்லிக்கொண்டேயிருந்தான். காசியன் அவன் வாயைப் பொத்தினான். விட்ட இடத்திலிருந்து பெபேயாள் தொடர்ந்தாள். அவளை அதட்டினான். மூப்பர் தொடர்ந்தார். மூப்பரிடம் திரும்பினான். தலைக்கு மேலே குருவி தொடர்ந்தது. வீரர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

காசியன் நாற்பது முகங்களையும் ஒருமுறை பார்த்தான். ஒருவரும் உட்காரவில்லை, ஒருவரும் ஓடவில்லை.

"எனக்கு வந்த உத்தரவு சுருளை எரிக்கத்தான்" என்று சொல்லிவிட்டு வெளியேறினான். அந்த வீட்டுப் படியை அவன் மறுபடி மிதிக்கவில்லை.

அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து எழும்பிய பாட்டு கப்பல் தளங்கள்வரை கேட்டதாம். மறுநாள் பெர்சியாள் சாம்பலை அள்ளி அடுப்பை மூட்டினாள். குளிர்காலம் முடிவதற்குள், அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல, மூப்பர் புதுச் சுருளை எழுதி முடித்தார். பக்கத்து ஊர்ச் சபைகள் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டன. எரிந்தது ஒன்று, பிறந்தது பதினொன்று.

கோயில் உத்தரத்தில் கூடு கட்டும் சிட்டுக்குருவியை இன்றைக்கும் யாரும் விரட்டுவதில்லை. அதன் பேச்சு நமக்குப் புரியாமல் போய்விட்டாலும், வாசிப்பு நடக்கும்போது அது கூடவே ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நற்செய்தி வாசிக்கத் தொடங்கியதும் சிறியவர் பெரியவர் எல்லோரும் எழுந்து நிற்கிற வழக்கமோ, பெர்சியாள் நடுங்கும் காலோடு எழுந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் வந்தது.