ஐந்தாவது புள்ளியை வைத்தவர்

ரொம்ப காலத்துக்கு முந்தி என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் இது எல்லார் கையிலும் செல்போன் வந்து சேர்ந்துவிட்ட பிறகு நடந்தது. நொச்சிமலை என்று ஒரு மலை. மலைமேல் ஒரு மடம். மடத்தில் ஓர் அம்மா. அம்மாவுக்குப் பதினோரு சீடர்கள்.

அந்தப் பதினோரு பேரில் நல்லசிவத்திடம் மட்டும் ஒரு பித்தளை மணி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மலையேறி வருகிறவர்களை மணியாட்டிக் கூட்டுவார். கூட்டி, கல்தொட்டி, புளியமரம், வௌவால் குகை, சுனை என்று ஒன்றரை மணி நேரம் சுற்றிக் காட்டுவார். இடத்துக்கு ஒரு கதை. பதினெட்டு வருஷமாக இதே வேலை. குகைக் கதையில் எந்த வார்த்தைக்கு ஜனங்கள் ‘அடடா’ என்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அங்கே வந்ததும் ஒரு மூச்சு நிறுத்துவார்.

கொஞ்ச நாளாக அந்த ‘அடடா’ வரவில்லை. ஜனங்கள் குகை வாசலில் படம் எடுத்துக்கொண்டார்கள். “சாப்பாடு எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்கள்.

தை மாதம் மடம் தொடங்கிய நாள் விழா நெருங்கியது. அம்மா சீடர்களைக் கூப்பிட்டார்.

“இந்த வருஷம் வர்றவங்களுக்குப் புதையல் வேட்டை வைக்கலாம். செல்போன்ல அதுக்குன்னு ஒரு ஆப் இருக்காம். மலையில ஏழு இடத்துக்கு ஏழு புள்ளி. புள்ளிக்குப் போய் நின்னா போன் மணியடிக்கும், அடுத்த குறிப்பு திறக்கும். தில்லைக்கண்ணு, நீங்க செய்றீங்களா?”

தில்லைக்கண்ணு மடத்துக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் சர்க்காரில் நிலம் அளந்துகொண்டிருந்தவர். அறுபத்தோரு வயது. பந்தியில் கடைசி இலை அவருடையது. மடத்தில் வந்த வரிசைப்படிதான் உட்காருவார்கள்.

“செய்றேம்மா” என்றார்.

நல்லசிவத்துக்கு நெஞ்சுக்குள் ஒரு மிளகாய் விழுந்தது. கூட்டம் கலைந்ததும் அம்மாவிடம் போனார்.

“அம்மா, மலை பூரா எனக்கு மனப்பாடம். என்னைக் கேட்டிருக்கலாமே?”

“உனக்கு வாய் இருக்கு, நல்லசிவம். அவருக்குக் கால் இருக்கு. இதுக்குக் கால்தான் வேணும்.”

“அப்போ என் மணி?”

“இது நல்லா நடந்தா, இனிமே ஞாயித்துக்கிழமை எல்லாம் இதுதான். நடக்கலைன்னா உன் மணிதான்.”

அவ்வளவுதான் சொன்னார். மறுபடியும் கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த பத்து நாளும் நல்லசிவம் எங்கே திரும்பினாலும் தில்லைக்கண்ணுவே தென்பட்டார். தலையில் துண்டு, ஒரு கையில் போன், தோளில் ஒரு சாக்கு. சாக்குக்குள் முழ நீளத்தில் குத்துக்கற்கள். ஓரிடத்துக்குப் போவார், நிற்பார், நாலடி தள்ளி நிற்பார், மறுபடி வந்து நிற்பார். மனசுக்குப் பட்டால்தான் போனில் புள்ளி வைப்பார். வைத்த இடத்தில் ஒரு கல்லையும் நடுவார்.

“போன்லதான் புள்ளி இருக்கே, கல்லு எதுக்குண்ணே?” என்று நல்லசிவம் சுனையடியில் கேட்டார்.

“பழக்கம், தம்பி. கல்லு நடாட்டி அளந்த மாதிரியே இருக்காது.”

‘தம்பி’யாம். பதினெட்டு வருஷத்துக்காரனை எட்டு மாசத்துக்காரர் ‘தம்பி’ என்கிறார். வயசுக்கு அது சரிதான். ஆனால் வயசு என்பது மலைக்குக் கீழே உள்ள சங்கதி என்று நல்லசிவம் நினைத்திருந்தார்.

“இங்க என்ன குறிப்பு?”

தில்லைக்கண்ணு போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தார். “அஞ்சாவது புள்ளி. கண்ணை மூடி நூறு எண்ணுங்கள். கேட்டதை எழுதுங்கள். எழுதினால் ஆறாவது திறக்கும்.”

நல்லசிவம் சிரித்துவிட்டார். “இது ஒரு புதிராண்ணே? சுனைக்கிட்ட நின்னா தண்ணிச் சத்தம்தான் கேக்கும். அத்தனை பேரும் ‘தண்ணி’ன்னு எழுதிட்டுப் போகப் போறாங்க.”

“போகட்டுமே.”

“தப்பா எழுதினா?”

“எதை எழுதினாலும் திறக்கும். சரி தப்புப் பாக்க எனக்கு வைக்கத் தெரியலை, தம்பி.”

நல்லசிவம் அதை அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார். நாலு பேரும் சிரிக்கவில்லை. சமையல்கட்டு மாரியாயி மட்டும், “பாவம், வெயில்ல அலையறாரு. அவருக்கு மோர் குடுத்தீங்களா?” என்றாள். நல்லசிவத்துக்குப் பதினெட்டு வருஷத்தில் யாரும் வெயில் பார்த்து மோர் கொடுத்ததில்லை. அன்று ராச்சோறு இறங்கவில்லை.

நாளைக்கு விழா என்றால் இன்று மத்தியானம். மடமே படுத்துக் கிடந்தது. அந்த மடத்தில் எதற்கும் பூட்டுக் கிடையாது. ஆப்புக்குள் போகிற கடவுச்சொல்லைக்கூடச் சமையல்கட்டுக் கரும்பலகையில், மறுநாள் வாங்க வேண்டிய காய்களுக்குக் கீழே, எல்லாருக்கும் தெரிய எழுதிவைத்திருந்தார்கள். பூசணி, வாழைக்காய், கடவுச்சொல்.

நல்லசிவம் தன் அறையில் பாயில் படுத்தபடியே போனைத் திறந்தார். மலை உள்ளங்கைக்குள் வந்தது. ஏழு சிவப்புப் புள்ளிகள். ஐந்தாவதன்மேல் விரலை வைத்து அழுத்தினார். புள்ளி விரலோடு ஒட்டிக்கொண்டது. சுனையிலிருந்து இழுத்து, பின்பக்கத்துப் பொட்டல் பாறையில் கொண்டுபோய் விட்டார். அங்கே ஒரு நிழல் இல்லை, ஒரு சிலை இல்லை, ஒரு கதை இல்லை. வழி மட்டும் நல்ல வழி. யாரும் விழுந்து எழ வேண்டாம். முகம் சுளித்தால் போதும்.

விரலை எடுத்தார். திரும்பிப் படுத்தார். பத்து நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம்.

விழாவன்று நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். நல்லசிவம் மணியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றார். ‘என்னங்க இது, வெறும் பாறைக்கு அனுப்பிட்டாங்க’ என்று முதல் ஆள் வந்து சொன்னதும் மணியை எடுத்துவிட வேண்டும் என்று கணக்கு.

முதல் ஆள் வரவில்லை. பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. பாறைப் பக்கம் போனவர்கள் போனவர்களாகவே இருந்தார்கள். புளியமரத்தடியில் கீச்சுக்கீச்சென்று பேசிக்கொண்டு போனவர்கள், பாறையிலிருந்து இறங்கும்போது பேசாமல் இறங்கினார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். போகும்போது அவர்கள் முன்னும் பின்னுமாகப் போனதை நல்லசிவம் பார்த்திருந்தார்.

சாப்பாட்டுக்கூடத்தில் எல்லாரும் கூடியபோது, டீச்சர் வேலை பார்க்கிற ஓர் அம்மாள் எழுந்தார்.

“அஞ்சாவது இடத்துல ஆளாளுக்கு எழுதினது ஆப்புல வரிசையா வந்திருக்கு. படிக்கட்டுமா?”

“படிங்க படிங்க” என்றது கூட்டம்.

“‘காத்து.’ ‘ரொம்ப தூரத்துல ஒரு லாரி.’ ‘உக்காரும்போது என் முட்டி கத்துச்சு.’” கூட்டம் சிரித்தது. “‘பசி.’ ‘ஒண்ணும் கேக்கலை. நல்லா இருந்துச்சு.’ ‘ரெண்டு வருஷமா என்கூடப் பேசாத அண்ணன் பக்கத்துல நின்னு மூச்சு விட்டது.’”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இடத்தில்தான் அது கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை, யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: “அடடா.”

நல்லசிவத்துக்குக் காது கொதித்தது.

“யாருங்க அந்த இடத்தைப் பிடிச்சது? எழுந்திருங்க, பாக்கணும்” என்றார் டீச்சரம்மாள். எல்லாரும் தில்லைக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் கையில் சாம்பார் வாளி.

“மத்த ஆறும் நான் வச்சது. அஞ்சாவது நான் வச்சது இல்லீங்க” என்றார் தில்லைக்கண்ணு.

“என்ன அடக்கம் பாரு!” என்று ஒருவர் கைதட்டினார். கூடமே கைதட்டியது. தில்லைக்கண்ணு தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். மறுக்க மறுக்கக் கைதட்டல் கூடியது. கடைசியில் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நல்லசிவம் சாப்பிடாமல் எழுந்தார். மணி போனதுகூடப் பெரிசாகத் தெரியவில்லை. தன் கையால் செய்த கெடுதல்கூட அந்த மனுஷனுக்கு மாலையாகப் போய் விழுந்துவிட்டதே என்பதுதான் குடைந்தது.

வந்தவர்கள் எல்லாம் இறங்கிப் போனபின், வெயில் சாயும் நேரத்தில், அம்மா முற்றத்தில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார். நல்லசிவம் எதிரே போய் நின்றார்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளு.”

“ஒருத்தன் செஞ்சதுக்கு இன்னொருத்தன் பேர் வாங்கலாமா?”

“யார் செஞ்சதுக்கு யார் வாங்கினது?”

“அஞ்சாவது இடம் என்னோடதும்மா. நான் வச்சது. இந்த விரல்.”

அம்மா விரலைப் பார்த்தார். “அப்படியா. முன்னாடியே சொல்லியிருந்தா கைதட்டினப்பவே உன்னைக் காட்டியிருக்கலாமே” என்றார். பாயைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து போனை எடுத்தார். “அதனால என்ன, பேரை மாத்திடலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் ‘வைத்தவர்’னு ஒரு கட்டம் இருக்கு. அஞ்சாவதுல... நல்லசிவம். போட்டாச்சு.”

நல்லசிவத்துக்கு அப்பாடா என்றிருந்தது.

“கீழே இன்னொரு கட்டம் இருக்கு. ‘ஏன் இந்த இடம்?’ தில்லைக்கண்ணு எல்லாத்துக்கும் எழுதியிருக்கார். கேளு: ‘கல்தொட்டி. ஏறி வந்தவர் கைகால் கழுவ.’ ‘புளியமரம். இங்கேதான் முதல் நிழல்.’ உன்னோடதுக்குச் சொல்லு, எழுதறேன்.”

நல்லசிவம் வாயைத் திறந்தார். பதினெட்டு வருஷமாக இடத்துக்கு ஒரு கதை வைத்திருந்த வாய்.

“அது வந்தும்மா... அமைதியான இடம்...”

“அமைதியான இடம்” என்று அம்மா விரலை எழுத்துக்கு மேலே நிறுத்தினார். “யாரையாவது அங்கே கூட்டிட்டுப் போயிருக்கியா?”

“இல்லைம்மா.”

“ஏன்?”

“அங்க சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை.”

“அதையே எழுதட்டுமா?”

அம்மா கேலி செய்கிறாரா என்று நல்லசிவம் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. விரல் காத்துக்கொண்டிருந்தது.

“வேண்டாம்மா” என்றார். குரல் இறங்கிவிட்டது. “அது பொய். அவர் கெட்ட பேர் வாங்கணும்னு வச்சேன். வேற காரணம் இல்லை.”

அம்மா தலையாட்டினார். எழுதவில்லை, அழிக்கவும் இல்லை.

“அண்ணனுக்குத் தெரியுமாம்மா?”

“காலையில மொத ஆளு பாறைப் பக்கம் திரும்பினப்பவே தில்லைக்கண்ணு ஓடி வந்து சொன்னார், புள்ளி நகந்திருக்குன்னு. யாரும் விழற இடமான்னு கேட்டேன். இல்லைன்னார். இருக்கட்டும்னேன். சுனையடியில நட்ட கல்லைப் பிடுங்கித் தோள்ல வச்சுட்டுப் போய், பாறைக்கிட்ட நட்டுட்டு வந்தார்.”

“யார் நகத்தினதுன்னு...?”

“அதைக் கேக்கலை.”

சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நல்லசிவம் இடுப்பில் இருந்த மணியை உருவி, நாக்கு ஆடாமல் பிடித்து, பாயின்மேல் வைத்தார்.

“என் பேரை எடுத்துடுங்கம்மா.”

“பேரு இருக்கட்டும். நீ வச்சதுதானே?”

“கீழ் கட்டம்?”

“காலியா இருக்கட்டும். இன்னைக்கு நாப்பத்து மூணு பேர் அங்கே போய் நின்னு, கண்ணை மூடி நூறு எண்ணிட்டாங்க. வச்சவன் ஒருத்தன்தான் இன்னும் போகலை.” அம்மா மணியோடு பாயை எடுத்துக்கொண்டார். “வெளிச்சம் இருக்கு. போ. கல்லு தடுக்கும், பாத்து.”

நல்லசிவம் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பாறைப் பக்கம் நடந்தார்.