எந்திரிக்க மாட்டேன் என்ற கன்டெய்னர்

“டீச்சர், எந்திரிக்க மாட்டேங்கு.”

பாத்திமுத்து ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“என்ன சொல்லுது?”

“எந்திரிக்க மாட்டேங்கு டீச்சர்.”

“அது நீங்க சொல்லுதது அண்ணாச்சி. அது என்ன சொல்லுது?”

நயினாருக்கு எரிச்சல் வந்தது. டீச்சர் என்று கூப்பிடுகிறாரே தவிர, அவருடைய கடைசி மகளைவிட அவளுக்கு வயது குறைவு. டெலிபோன் எக்சேஞ்சில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ரிட்டயர் ஆன பிறகு கம்ப்யூட்டர் சர்வர் வேலை கற்றுக்கொள்ள வந்த மனுஷன் அவர். கற்றுக்கொள்கிறவருக்கு ஆர்வம் உண்டு, பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டின் பின்னறை. அலமாரியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடக்கிற புற்றுநோய்க்காரர்களுக்கு வலி மருந்து கொடுக்கிற ஒரு குழு இருக்கிறது. யாருக்கு என்ன மருந்து, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் ஒரு செயலியில் இருக்கும். நர்சுகள் போனில் திறந்து பார்த்துத்தான் மருந்தைக் கையில் எடுப்பார்கள்.

அந்தச் செயலி ஓடுகிற பெட்டிதான் கன்டெய்னர். பயணத்துக்குக் கட்டிய சோத்துப் பொட்டலம் மாதிரி, செயலிக்கு வேண்டியதெல்லாம் ஒரே கட்டாக உள்ளே இருக்கும். நோயாளிகளின் தகவல் மட்டும் தனியாக வெளியே இருக்கும்.

காலையில் செயலிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று திரையில் ஒரு வரி மின்னியது. யாரும் கேட்காமலே நயினார் அதை ஏற்றினார். மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது.

அப்போது விழுந்ததுதான் கன்டெய்னர்.

போன் அடித்தது. ஜெபமணி சிஸ்டர்.

“அண்ணாச்சி, சங்கிலி ஐயா வீட்டுல நிக்கேன். செயலி திறக்கவே மாட்டேங்கு.”

“பாத்துக்கிட்டே இருக்கோம் சிஸ்டர்.”

“அவருக்கு வலி தாங்கல. வேர்த்து ஊத்துது. மாத்திரையைக் கொண்டுபோனா கையைத் தட்டி விடுதாரு. வாயை இறுக்கி மூடிக்கிட்டாரு.”

சங்கிலி ஐயாவுக்குத் தொண்டையில் கட்டி. பேச்சு போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒண்டிக்கட்டை. நேற்று சாயங்காலம் குழுவின் டாக்டரம்மா போய்ப் பார்த்துவிட்டு, எழுத வேண்டியதைச் செயலியில் எழுதிவிட்டு, இன்று காலை டெல்லிக்கு விமானம் ஏறிவிட்டார். போன் அணைந்து கிடந்தது.

“எப்பவும் கொடுக்கிற மாத்திரைதானே சிஸ்டர்? பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிட்டு, பிடிச்சாவது கொடுத்துருங்க.”

“எழுதினதைப் பாக்காம எப்படி?”

“வலியில கிடக்காருன்னு நீங்கதானே சொல்லுதீங்க?”



“கொஞ்சம் பொறுத்துப் பாக்கேன். உங்ககிட்ட இருந்து தகவல் வரலைன்னா கொடுத்துருவேன். என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல.”

நயினார் போனை வைத்தார்.

“டீச்சர், ஒரு வழி இருக்கு. இணையத்துல ஒருத்தன் போட்டிருக்கான். பழைய தகவலை மொத்தமா அழிச்சுட்டு ஏத்தினா உடனே ஓடுமாம். அவனுக்கு ஓடிச்சாம்.”

“சரி.”

“அழிச்சுரட்டா?”

“முதல்ல அதை நிறுத்துங்க.”

“நின்னுதானே கிடக்கு?”

“இல்ல. எந்திரிச்சு எந்திரிச்சு விழுது. நீங்களும் தூக்கித் தூக்கி விடுதீங்க.”

நயினார் நிறுத்தினார். பாத்திமுத்து பையிலிருந்து ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்துச் சொருகினாள். ஒரு வரி தட்டினாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்ன செய்தீங்க டீச்சர்?”

“சும்மா இருக்கேன்.”

“அங்க ஒரு உசுரு துடிக்கு.”

“தெரியும்.”

நயினாருக்கு ஆத்திரம் வந்தது. இவளிடம் போய்ப் படிக்க வந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். டிஸ்க்கின் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்து ஒருவழியாக அணைந்தது. அவள் அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள்.

“இப்ப உங்க இஷ்டம்போலச் செய்யுங்க.”

அவர் அழித்தார். ஏற்றினார்.

கன்டெய்னர் எழுந்தது. விழவில்லை. பச்சை விளக்கு.

“ஓடிட்டு டீச்சர். பாத்தீங்களா? ஓடிட்டு.”

“சங்கிலி ஐயாவைத் திறங்க.”

பக்கம் பளிச்சென்று வந்தது. தேடும் இடத்தில் பெயரை அடித்தார். வரவில்லை. அடுத்து வேறொருவர் பெயரை அடித்தார். முழுப் பட்டியலையும் கேட்டார்.

‘நோயாளிகள் யாரும் இல்லை.’

நயினார் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. சங்கிலி ஐயா ஒருவர் மட்டுமா? படுக்கையில் கிடக்கிற அத்தனை பேரும் போய்விட்டார்கள். அழுகை வந்தது.

“எல்லாத்தையும் கொன்னுட்டேன் டீச்சர்.”

“காலையில இருந்து அது என்ன சொல்லிச்சு?”

“இப்ப எதுக்கு அது?”

“திரையை மேலே தள்ளுங்க. படிங்க. சத்தமா.”

அவர் தள்ளினார். சிவப்பு வரிகள். சிவப்பைக் கண்டதுமே மறுபடி தட்டியவர், ஒன்றைக்கூடப் படித்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இப்போது படித்தார். அதிலிருந்த இங்கிலீஷுக்கு அர்த்தம் இதுதான்:

‘இங்கே இருக்கும் தகவலை எழுதியது பழைய பதிப்பு. நான் புதியது. நான் திறந்தால் இது கெட்டுப்போகும். அதனால் திறக்க மாட்டேன்.’

மேலே தள்ளினார். அதே வரி. அதற்கும் மேலே, அதே வரி.

“பழுதாகிட்டுன்னுல்லா நினைச்சேன்,” என்றார்.

பாத்திமுத்து பையிலிருந்த டிஸ்க்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“என்னது இது?”

“நான் சும்மா இருந்தது.”

அவர் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

“நீங்க அழிச்ச தகவலோட நகல் இதுல இருக்கு. திருப்பிப் போடுங்க. பழைய பதிப்போட நம்பரை எழுதி ஏத்துங்க. புதுசு எதுவோ அதைக் கொண்டு வான்னு எழுதாதீங்க.”

நயினார் சொருகினார். விரல் ஒவ்வோர் எழுத்தாகப் போயிற்று. போன் அடித்தது. எடுத்தால் கை தப்பிவிடும் என்று அடிக்கவிட்டார். அது அடித்து ஓய்ந்தது.

கன்டெய்னர் எழுந்தது. இந்தத் தடவை அவர் பச்சை விளக்கைப் பார்க்கவில்லை, வந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு பெயரை அடித்தார்.

சங்கிலி. வந்தது. அதன் கீழே டாக்டரம்மா எழுதியது. படித்தவர் போனைப் பாய்ந்து எடுத்தார்.

“சிஸ்டர், மாத்திரை கொடுத்துட்டீங்களா?”

“ரெண்டு பேரு கையையும் காலையும் பிடிச்சிருக்காங்க. இப்பதான் வாயைத் திறக்கக் கரண்டியை வச்சேன். உங்களுக்கு அடிச்சேனே, நீங்க எடுக்கல.”

“எடுங்க. கரண்டியை வெளியே எடுங்க.”

“அண்ணாச்சி?”

“எடுத்துட்டீங்களா?”

“எடுத்துட்டேன்.”

நயினார் வாசித்தார். “‘கட்டி பெருத்துவிட்டது. மாத்திரை புரையேறி மூச்சை அடைக்கிறது. இனி மாத்திரை வேண்டவே வேண்டாம். ஊசி மட்டும்.’ எவ்வளவுன்னு போட்டிருக்கு. இப்ப உங்க போன்லயே திறக்கும், பாருங்க.”

“கையை விடுங்க. அவரை விட்டுருங்க,” என்று சிஸ்டர் யாரிடமோ சொல்வது கேட்டது. பை திறக்கும் சத்தம். பாத்திரம் உருளும் சத்தம். நயினார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

கொஞ்சம் கழித்து சிஸ்டர் குரல் வந்தது. அழுதிருப்பாள் போல.

“ஊசி போட்டுட்டேன். அடங்குது. காலையில இருந்து தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாரு அண்ணாச்சி. நான் வலின்னுல்லா நினைச்சேன்.”

பாத்திமுத்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நயினார் திரையைப் பார்த்தார்.

“எனக்கும் காட்டிச்சு சிஸ்டர்.”