அங்காயி வைத்த மூன்று குவளை

ரொம்பக் காலத்துக்கு முந்தி கருவேலி நாட்டைச் சண்டமாருதன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் வந்தால் எதிரே நிற்க முடியாது. அந்த நாட்டில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. ராஜாவுக்கு உடம்பு சரியில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் ஐம்பது சவுக்கடி! ராஜா தும்மினால் பக்கத்திலே முரசு அறைவார்கள், தும்மல் சத்தம் யார் காதிலும் விழக் கூடாதாம். கூத்தைப் பாருங்கள்!

அந்த மார்கழியில் மூன்று நாளாக முரசு ஓயவே இல்லை. ராஜாவுக்கு மூக்கு ஒழுகுகிறது, சபையே கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அரண்மனை வைத்தியரோ தன் கால் விரலை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டில் ராஜா ரசத்தை ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தைத் தூக்கி எறிந்தார்.

"புளிப்பு தெரிகிறது, உப்பு தெரிகிறது. ரசத்தைத்தான் காணோம்! மூன்று நாளாக இதே கதை!"

பக்கத்தில் நின்றவர் தாண்டவராயர். ராஜா சாப்பிடுவதற்கு முன்னால் எல்லாவற்றிலும் ஒரு வாய் ருசி பார்ப்பது அவர் உத்தியோகம். போன மாதம் விருந்தில் ராஜா, "ருசி ராயர் நாக்கிலா இருக்கிறது? சமையல்காரி அங்காயி கையில் அல்லவா இருக்கிறது!" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராயருக்கு வயிற்றெரிச்சல். இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தார்.

"அடியேனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் பிரபு. வெறும் புளித்தண்ணீர்! சீரகத்தையும் தனியாவையும் அவள் வீட்டுக்குக் கடத்துகிறாள்."

அவ்வளவுதான். "கரண்டி பிடிக்கிற அந்தக் கையை நாளை உச்சிப்பொழுதில் வெட்டுங்கள்!" என்று ராஜா கத்தினார்.

ராஜா சொன்னது அத்தனையும் அங்காயி காதுக்கு எட்டியது. புருஷன் இல்லாதவள். அந்தக் கைதான் அவளுக்கும் அவள் இரண்டு பெண்களுக்கும் சோறு. அழுதுகொண்டே சமையல்கட்டுக்குப் போனவள், மிச்ச ரசத்தை வாயில் விட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ராஜாவின் மூக்கு ஞாபகம் வந்தது. தன் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி குடித்தாள். புளிப்பு, உப்பு, அவ்வளவே! ராஜா சொன்ன அதே ருசி!

'அட ராமா, இதுவா சங்கதி! இதை நான் சொன்னால் சவுக்கு, சொல்லாவிட்டால் கத்தி. இரண்டும் வேண்டாம். அவர் வாயாலேயே வரவழைக்கிறேன்' என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

மறுநாள் முற்பகலில் மூன்று குவளையோடு சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, கை போறதுக்கு முன்னாடி ஒரு ஆசை. ஒண்ணுல சீரகத் தண்ணி, ஒண்ணுல தனியாத் தண்ணி, ஒண்ணுல வெறும் வெந்நீர். மூணுலயும் துளி உப்பு. ராயர் ஐயா கண்ணை மூடிக்கிட்டு எது எதுன்னு சொல்லட்டும். சொல்லிட்டா நான் திருடி."

"ப்பூ, இவ்வளவுதானா?" என்றார் ராயர்.

"ஆனா ஐயா மோந்து பார்த்துச் சொல்றாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

ராயருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ருசி பார்ப்பது நாக்கடி! மூக்குக்கு இங்கே என்ன வேலை? இதோ, அடைத்துக்கொண்டே சொல்கிறேன்!" என்று கண்ணை மூடி, மூக்கையும் பிடித்துக்கொண்டார்.

முதல் குவளையைக் குடித்தார். நெற்றி சுருங்கியது. இரண்டாவதையும் குடித்தார். வேர்த்தது. மூன்றாவதைக் குடித்துவிட்டு, "இது சீரகம்! சந்தேகமே இல்லை!" என்றார்.

"அது வெந்நீர் ஐயா" என்றாள் அங்காயி. சபை கொல்லென்று சிரித்தது.

"அதெப்படி?" என்றார் ராஜா.

"நாக்குக்குத் தெரிஞ்சது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்புன்னு நாலைஞ்சுதான் மகாராஜா. சீரகமா தனியாவான்னு பிரிச்சுச் சொல்றது மூக்கு. அண்ணத்துக்குப் பின்னாலே வாயிலிருந்து மூக்குக்கு ஒரு வழி போகுது. குடிக்கும்போது சிரிச்சா தண்ணி மூக்கிலே ஏறுதே, அதே வழி! நாம மெல்லும்போது வாசனை அதிலேதான் ஏறும். மூக்கு அடைச்சா வாசனையும் ஏறாது."

"பார்க்கலாம், கொண்டு வா!" ராஜா கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் குடித்தார். மூக்கை அவர் பிடிக்கவே இல்லை. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணைத் திறந்தார்.

"என் மூக்கை யாரும் பிடிக்கவில்லையே அங்காயி?"

"அதுக்குக் காரணத்தை நான் சொன்னா ஐம்பது சவுக்கடி மகாராஜா. நீங்க சொன்னா யார் அடிப்பா?"

ராஜா மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "எனக்குச் சளி பிடித்திருக்கிறது."

வைத்தியர் 'அப்பாடா' என்று பெருமூச்சு விட்டார். ராஜாவோ திரும்பி ராயரைப் பார்த்தார். "எனக்கு மூக்கு அடைத்திருந்தது, ருசி தெரியவில்லை. உமக்கு மூக்கு நன்றாகத்தானே இருந்தது ராயரே? மூன்று நாளும் உமக்கு எப்படி ருசி தெரியாமல் போயிற்று?"

ராயர் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். "உம்முடைய பொய்யை நம்பி ஒரு பாவமும் அறியாதவள் கையை வெட்டப் பார்த்தேனே!" என்றார் ராஜா. சட்டம் அன்றைக்கே ஒழிந்தது. ருசி பார்க்கிற உத்தியோகமும் ஒரு காணி நிலமும் அங்காயிக்குக் கிடைத்தன. ராயரைச் சமையல்கட்டு உரலுக்கு அனுப்பினார்கள்.

வைத்தியர் கொடுத்த கஷாயத்தில் ஐந்தே நாளில் சளி இறங்கியது. ஆறாம் நாள் ராஜா ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அங்காயி, இன்றைக்குத் தனியா கொஞ்சம் தூக்கல்."

"ஆமா மகாராஜா. ராயர் இடிச்சது!"