ஜீப்புக்கு அசல் கிரில்

குன்னூர் எஸ்டேட் முதலாளி ரத்தினசபாபதியிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. 1942-ல் பர்மாச் சண்டைக்குப் போய்வந்த வண்டி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளப்பார். பழைய வாகனக் கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கையில் அது மரத்தில் மோதி, முன்பக்கக் கிரில் நசுங்கிப் போனது.

அவர் இடத்தில் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் சூசையம்மாளை விருந்தாளிகள் முன்னால் கூப்பிட்டார்.

"நாப்பத்திரெண்டாம் வருஷத்துச் சண்டை ஜீப்போட அசல் கிரில் வேணும். இல்லேன்னா ஷெட்டைக் காலி பண்ணிடு."

நசுங்கின கிரில்லின் துவாரங்களைச் சூசையம்மாள் விரல்விட்டு எண்ணினாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"கொண்டாந்துட்டா ஷெட்டு எனக்குத்தானுங்களா?"

"சாகிறவரைக்கும் வெச்சுக்கோ. எங்கே, கொண்டா பாப்போம்!" விருந்தாளிகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினாள். கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கோழிக்கூண்டுக்குக் கதவாக இருந்த கிரில்லைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்காட்சியன்று காலை எல்லோர் முன்னாலும் அதை வண்டியில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவே இல்லை.

"என்ன குப்பை இது?" என்று கத்தினார் முதலாளி.

நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற சுபேதார் குனிந்து பார்த்தார். "குப்பையில்லைங்க, அசல் சண்டை ஜீப்போடது. ஒன்பது துவாரம் இருக்கு பாருங்க. உங்க வண்டிக்கு ஏழுதான். இது சண்டை முடிஞ்சப்புறம் பொதுஜனத்துக்குன்னு செஞ்ச வண்டியாச்சே!"

சூசையம்மாள் கைக்கரியைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கேட்ட கிரில்லை நான் கொண்டாந்துட்டேனுங்க. இதுக்கேத்த வண்டியை நீங்க கொண்டாங்க, மாட்டித் தர்றேன்."